ஜெய்சல்மேருக்குக் குடும்பத்தோடு வரலாமா?

கேள்வி: என் கணவருக்கு ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலைப் பராமரிப்பு வேலை. இப்போது ஜெய்சல்மேருக்கு மாற்றல், ஜூனில் சேரச் சொல்கிறார்கள். ஏழு வயது மகள் இருக்கிறாள். மாமியார் இதய நோயாளி. “பாகிஸ்தான் எல்லையில் பிள்ளையை வைத்துக்கொண்டு என்ன செய்வாய்?” என்று எல்லாரும் பயமுறுத்துகிறார்கள். நீங்கள் அங்கேயே இருப்பவர், உள்ளதைச் சொல்லுங்கள்.
- ஒரு வாசகி, கன்னியாகுமரி மாவட்டம்

பதில்: அன்புள்ள தங்கைக்கு,

நீங்களும் மகளும் தாராளமாக வரலாம். மாமியார் விஷயத்தில்தான் யோசிக்க வேண்டும்.

முதலில் எல்லை. ஊர் முடிகிற இடத்தில் முள்வேலி நிற்பதாக நினைக்காதீர்கள். எல்லைப் பக்கம் இருக்கிற தனோட் மாதா கோயிலுக்கே இங்கிருந்து சுமார் 120 கிலோமீட்டர். சாதாரண நாட்களில் போர் விமானச் சத்தம் கேட்கும், அது பழகிவிடும். ஆனால் 2025 மே மாதம் இந்தியா-பாகிஸ்தான் சண்டை வந்ததை மறைக்க மாட்டேன். ஊர் முழுக்க விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். ட்ரோன்களைச் சுட்டு வீழ்த்தும் வெடிச்சத்தம் வீட்டுக்குள் கேட்டது, பள்ளிக்கூடங்களை மூடினார்கள். பயமாகத்தான் இருந்தது. 10-ஆம் தேதி சண்டை நின்றதும் கடைகள் திறந்தன. மறுபடி அப்படி ஒரு நிலை வந்தால் நீங்களும் மகளும் எப்போது, எப்படிக் கிளம்புவது என்று கணவரோடு இப்போதே பேசி வையுங்கள்.

என்னைக் கேட்டால், எல்லையைவிட தூரத்துக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். இங்கே அரசு மருத்துவமனை இருக்கிறது, ஆனால் பெரிய சிகிச்சை என்றால் ஜோத்பூர்தான். சாலையில் ஏறத்தாழ 280 கிலோமீட்டர், ஐந்து மணி நேரம் ஆகும். 2025 அக்டோபரில் ஜோத்பூர் சாலையில் பஸ் தீப்பிடித்தபோது, உடம்பெல்லாம் வெந்தவர்களை அவ்வளவு தூரமும் கொண்டுபோக வேண்டியிருந்தது. நெஞ்சுவலி வந்த அம்மாவை அப்படிக் கொண்டுபோகும் நிலைமை வேண்டாம் தங்கச்சி. நாகர்கோவில் பக்கம் மகள், மகன் என்று யாராவது இருந்தால் அவர் அங்கேயே இருக்கட்டும்.

வெயில் 45 டிகிரியைத் தாண்டும். ஆனால் நம் ஊர்ப் புழுக்கம் கிடையாது. காற்று அவ்வளவு வறட்சி என்பதால் சாதாரண ஏர் கூலரே நன்றாகக் குளிர வைக்கும். ‘ஆந்தி’ என்கிற புழுதிப் புயல்தான் பெரிய தொல்லை. ஜன்னல் இடுக்கில் ஈரத்துணி செருகி அடைத்தாலும், மறுநாள் அரிசி டப்பாவின் மூடியைத் திருகும்போது மணல் நறநறவென்று அரைபடும். மகளுக்கு வீசிங் இருந்தால் டாக்டரைக் கேட்காமல் முடிவெடுக்காதீர்கள்.

தண்ணீர் இந்திரா காந்தி கால்வாயில் வருகிறது. கோடை தொடங்கும்போது பராமரிப்புக்காகக் கால்வாயை அடைப்பார்கள், அப்போது குழாயை நம்ப முடியாது. வீடு பார்க்கும்போது வாடகையைக் கேட்பதற்கு முன்னால் தரைக்கடித் தொட்டி எவ்வளவு பெரியது என்று கேட்கச் சொல்லுங்கள்.

குளிரையும் சொல்ல வேண்டும். ஜனவரியில் சூரியன் உதிக்கவே ஏழரை ஆகிவிடும். ராத்திரிக் குளிர் 5 டிகிரிக்குக் கீழேயும் போகும், தேங்காய் எண்ணெய் கல்லாகிவிடும்.

மனிதர்களைப் பற்றிக் கவலையே வேண்டாம். உங்களுக்கு இந்தி கொஞ்சம் வந்துவிட்டால் பக்கத்து வீட்டுக்காரர்கள் உங்களைத் தனியாக விட மாட்டார்கள். கம்பு ரொட்டியோடு கேர் சாங்ரி என்கிற பாலைவனக் காய்க் கறி கொண்டுவந்து தருவார்கள். சாங்ரி நம் வன்னி மரத்துக் காய்தான், உலர்த்தி வைத்து வருஷம் முழுக்கச் சமைப்பார்கள். படைக் குடும்பங்களில் தமிழர்கள் இருப்பார்கள், ஆனால் நீங்கள் நெருங்கிப் பழகுவதற்குள் அவர்களுக்கு மாற்றல் வந்துவிடும். அதனால் பக்கத்து வீட்டோடு ஒட்டிக்கொள்ளுங்கள்.

ஜூனில் கணவர் மட்டும் வந்து சேரட்டும். பள்ளிக்கூடத்தையும் வீட்டையும் அவர் பார்த்து வைத்ததும், அக்டோபரில் நீங்கள் இருவரும் வாருங்கள். புளியும் குழம்புத் தூளும் நிறையக் கட்டிக்கொள்ளுங்கள், மகளுக்கு நல்ல கம்பளிச் சட்டை இரண்டு எடுத்து வையுங்கள்.