இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு மின்சார ஸ்கூட்டர் ஏற்காடு ஏறுமா?

அஸ்தம்பட்டி வாசகர் ஒருவர் கேட்கிறார்: "பெட்ரோல் ஸ்கூட்டரைக் கொடுத்துவிட்டு மின்சார ஸ்கூட்டர் வாங்கலாமா? வாரம் இரண்டு நாள் மனைவியோடு ஏற்காடு போய்வர வேண்டும். பாதி மலையில் நின்றுவிடுமா? மேட்டூர் அனல்மின் நிலையத்துக் கரண்டில் ஓட்டினால் புகை எப்படிக் குறையும்?"

புகையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ கரியமில வாயு. நிலக்கரிக் கரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டாலும், கிலோமீட்டருக்கு மின்சார ஸ்கூட்டரால் வரும் புகை பெட்ரோல் ஸ்கூட்டர் விடுவதில் ஏறக்குறைய பாதிதான். தாராளமாக மாறுங்கள்.

இனி மலை. வண்டியும் நீங்கள் இருவருமாகச் சுமார் 250 கிலோ. ஏற்காடு சேலத்தைவிட ஏறக்குறைய 1,200 மீட்டர் உயரம். அவ்வளவு எடையை மேலே தூக்கவே ஒரு யூனிட் கரண்ட் போய்விடும். தூரத்துக்கு அரை யூனிட்டுக்கு மேல் தனி. 2 யூனிட் பேட்டரி மேலே போவதற்குள் நாக்குத் தள்ளிவிடும். 3 யூனிட்டுக்குக் குறைந்து வாங்காதீர்கள். விளம்பரத்தில் போடும் கிலோமீட்டர் சோதனைக்கூடத்தில் உருளைமேல் ஓட்டி எடுத்தது, அதில் மேடே கிடையாது. அந்த ஓர் எண்ணை மட்டும் கொட்டை எழுத்தில் போட்டு மலையூர்க்காரர்களுக்கும் விற்க அனுமதிக்கிறார்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அதைவிட மோசம் "பதிவு வேண்டாம், லைசென்ஸ் வேண்டாம்" என்று விற்கும் வண்டி. 250 வாட்டுக்குள், 25 கிலோமீட்டர் வேகத்துக்குள் இருந்தால்தான் சட்டத்தில் அந்தச் சலுகை. அது ஏற்காட்டுக்கு ஆகாது. உடனே புரோக்கர், "வேகத்தைக் கட்டுப்படுத்தும் லாக்கை எடுத்துத் தருகிறேன், ஐம்பதில் பறக்கும்" என்பார். எடுத்த நிமிடமே அது பதிவில்லாத மோட்டார் வாகனம். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கைவிரிக்கும், புரோக்கர் போனை எடுக்க மாட்டார். மானியம் வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்பவரையும் நம்பாதீர்கள். மானியம் இருந்தால் பில்லிலேயே கழியும்.

இறங்கும்போது மோட்டாரே பிரேக் பிடித்து, கொஞ்சம் கரண்டைப் பேட்டரிக்குத் திருப்பித் தரும். ஆனால் பேட்டரி நிறைந்திருந்தால் அது நடக்காது, திரும்பும் கரண்டுக்கு இடமில்லை. ஏற்காட்டில் நூறு சதவீதம் ஏற்றிவிட்டு 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கினால் மோட்டார் பிரேக் பிடிக்காது, பாரம் முழுவதும் கைப்பிரேக்கில் விழும், அது சூடேறிப் பிடிப்புக் குறையும். அதனால் மேலே எண்பதோடு நிறுத்துங்கள். விலை குறைந்த சில வண்டிகளில் மோட்டார் பிரேக் பிடிக்கும் வசதியே இல்லை, அதையும் கேட்டு வாங்குங்கள்.

அப்புறம், முன்பணம் கட்டும்முன் மனைவியையும் பின்னால் உட்காரவைத்து அடிவாரம் தாண்டி நாலைந்து வளைவாவது ஏறிப் பாருங்கள். கடைத்தெருவைச் சுற்றிவரச் சொல்லி அதோடு முடிக்கப் பார்க்கும் ஷோரூமில் வாங்க வேண்டாம்.