பதினைந்தாயிரம் சொற்கள் – கடிதம்

அன்புள்ள சார்,

என் ஊர் மயிலாடுதுறை. என் தாத்தா தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையில் உபதேசியாராக இருந்தவர். எங்கள் வாலிபர் குழு ஆகஸ்டில் மூன்று வாரம் எத்தியோப்பியா போகிறது. அங்குள்ள லுத்தரன் சபையான மெகானே யேசுஸைப் பார்க்கத்தான். நீங்கள் அந்த நாட்டின் மேற்கே நெகெம்தே ஊரில் இரண்டு ஆண்டு பாடம் நடத்தியதாக எழுதியிருக்கிறீர்கள். சாப்பாடும் குளிரும் எப்படி? அங்கே போன ஸ்வீடன் மிஷனரிகளின் கதையைப் படித்துக் கண்ணீர் விட்டேன். ஒன்றுமே இல்லாத மக்களுக்கு எழுத்தும் படிப்பும் கொடுத்தவர்கள். நாங்கள் அந்த மக்களுக்கு என்ன கொண்டுபோகலாம்? மிஷனரி என்றாலே ஏகாதிபத்தியக் கைக்கூலி என்கிறான் நண்பன். அவனுக்கு என்ன பதில் சொல்வது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நண்பரை விடுங்கள். அந்தச் சண்டையை நானும் இருபது வயதில் டீக்கடையில் போட்டவன்தான். இரண்டு தரப்பிலும் ஒரு ஆளின் பெயர்கூட வராமலே மணிக்கணக்கில் போடலாம்.

உங்கள் கடிதத்தில் எனக்கு எரிச்சல் மூட்டியது ‘ஒன்றுமே இல்லாத மக்கள்’ என்ற சொல். உபதேசியார் பேரன் இப்படி எழுதலாமா? ஜெர்மன் லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் இறங்கியபோது அவரைப் பிள்ளைகளோடு உட்காரவைத்து மணலில் எழுத்துப் பழக்கியவர் ஒரு திண்ணைப் பள்ளிக்கூடத்து வாத்தியார். சீகன்பால்குக்குச் சிலை இருக்கிறது. வாத்தியாரின் பெயரை உங்கள் ஞாயிறு பள்ளியில் யாராவது சொல்லிக்கொடுத்தார்களா?

சில வாரங்களாகவே ஒரு பெண்ணைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன். அஸ்தெர் கன்னோ. நீங்கள் படித்த புத்தகத்தில் இவர் எத்தனை வரி வருகிறார் என்று எண்ணிப் பாருங்கள்.

ஸ்வீடன் மிஷனரிகள் 1866இல் செங்கடல் துறைமுகமான மசாவாவுக்கு வந்தார்கள். போக நினைத்தது உள்நாட்டில், இன்றைய எத்தியோப்பியாவில் இருக்கும் ஒரோமோ மக்களின் நாட்டுக்கு. போக முடியவில்லை. காய்ச்சலில் செத்தார்கள், கொல்லப்பட்டார்கள், வழி மூடிக்கிடந்தது. உங்கள் கண்ணீர் இவர்களுக்கானது என்றால் அதில் தப்பில்லை, நானும் அழுதிருக்கிறேன். ஆனால் அவர்கள் தேடிப்போன ஒரோமோக்கள் அடிமைகளாக விற்கப்பட்டு அவர்கள் வாசலுக்கே வந்து சேர்ந்தார்கள்.

அப்படி வந்தவர்களில் ஒருவன் ஹீக்கா என்ற பையன். எட்டு எஜமானர்களிடம் கைமாறி, 1870இல் மசாவாவில் மீட்கப்பட்டவன். 1872இல் ஞானஸ்நானம் பெற்று ஒனேசிமோஸ் ஆனான். பவுல் பிலேமோனுக்கு எழுதிய நிருபத்தில் வரும் அடிமையின் பெயர், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு அவனுடைய பழைய பெயர்தான் பிடிக்கும். ஒரோமோ மொழியில் முடிச்சை அவிழ்ப்பதற்கும் மொழிபெயர்ப்பதற்கும் ஒரே வினைச்சொல். ஹீக்கா அதிலிருந்து வந்த பெயர்.

ஸ்வீடனில் படித்துத் திரும்பிய ஒனேசிமோஸ் மசாவாவுக்குப் பக்கத்தில் இம்குல்லு என்ற இடத்தில் உட்கார்ந்து பைபிளை ஒரோமோவில் பெயர்க்க ஆரம்பித்தார். அப்புறம்தான் சிக்கல் தெரிந்தது. சின்ன வயதிலேயே ஊரைவிட்டுப் பிடுங்கப்பட்டவருக்குத் தாய்மொழி போதவில்லை. வீட்டுப் பேச்சு தெரியும். கோபத்துக்கு எத்தனை சொல், மழைக்கு எத்தனை சொல், சாவு வீட்டில் எப்படிப் பேசுவார்கள் என்பதெல்லாம் எங்கிருந்து வரும்?

அது அஸ்தெரிடமிருந்து வந்தது. 1886இல் அரேபியாவுக்கு விற்கக் கொண்டுபோன படகை இத்தாலியக் கப்பல்கள் மறித்து மீட்டவர்களில் ஒருத்தி. அப்போது பதினான்கு வயது இருக்கலாம். இம்குல்லு பள்ளியில் சேர்த்தார்கள். அவளுடைய சொல் நுட்பத்தைக் கவனித்த ஒனேசிமோஸ் அவளிடம் அகராதி வேலையைக் கொடுத்தார். சுமார் 15,000 சொற்கள். அது போக, விடுகதை, பழமொழி, கதை, பாட்டு என்று 500. பலவும் 1894இல் வந்த ஒரோமோ வாசகப் புத்தகத்தில் அச்சாயின.

இதைக் கொஞ்சம் நிறுத்தி யோசியுங்கள், எஸ். நீங்கள் வேதபாடத்தில் எம்.ஏ. படித்தவராகவே இருக்கட்டும், ஒரு அறையில் உட்கார்ந்து நினைவிலிருந்து தமிழ்ச் சொற்களை எழுதுங்கள். ஆயிரத்தைத் தாண்டுகிறீர்களா பார்ப்போம். ஊரில்லை, கேட்டுச் சரிபார்க்கப் பாட்டி இல்லை. அந்த வயதுப் பெண் தன் நாட்டையே தலைக்குள் வைத்துக் கடல்வரை வந்திருக்கிறாள். நீங்கள் ‘ஒன்றுமே இல்லாத’ என்கிறீர்கள்!

புதிய ஏற்பாடு 1893இல் இம்குல்லுவிலும், முழு பைபிள் 1899இல் சுவிட்சர்லாந்தின் சான்க்ட் கிரிஷோனாவிலும் அச்சானது. அம்ஹாரிய எழுத்தில். அந்த எழுத்து ஒரோமோவின் குறில் நெடிலையும் இரட்டிப்பையும் சரியாகக் காட்டாது. ‘படு’வும் ‘பாட்டு’ம் ஒரே மாதிரி எழுதப்பட்டிருந்தால் நாம் எப்படிப் படித்திருப்போம்? கடவுளுக்கு மட்டும் சொல் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. நம் ஆட்கள் சர்வேசுரன், பராபரன், தேவன் என்று தலைமுறைக்கு ஒரு சொல் மாற்றினார்கள். ஒரோமோவில் வாக்கா தயாராக இருந்தார். வானத்துக்கும் அதுதான் பெயர்.

ஒனேசிமோஸும் அஸ்தெரும் 1904 வாக்கில் நெகெம்தே வந்து பள்ளி தொடங்கினார்கள். ஒரோமோவில் பிரசங்கம் செய்ததற்காக ஆர்த்தடாக்ஸ் குருமார்கள் புகார் கொடுக்க, 1906இல் ஒனேசிமோஸுக்குப் பிரசங்கத் தடை. 1916 வரை நீடித்தது. 1959இல் மெகானே யேசுஸ் சபை அமைந்தபோது அங்கத்தினர் சுமார் 20,000 பேர். இன்று ஒரு கோடிக்கு மேல். அதன் பொதுச்செயலாளர் குதினா தும்சா, 1972இல் மேற்கத்திய லுத்தரன்களிடம் சோற்றையும் சுவிசேஷத்தையும் பிரித்துத் தராதீர்கள் என்ற பொருளில் வாதாடினார். 1979இல் ராணுவ ஆட்சி அவரைக் கடத்திக் கொன்றது. அவரைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

நெகெம்தேயில் என் வீட்டுக்கார அம்மாவுக்கு எழுபது வயது. அவருடைய தாயார் எழுத்துப் படித்தது அந்த மிஷன் பள்ளியில். மாலையில் காப்பிக்கொட்டை வறுத்து மூன்று சுற்று ஊற்றுவார். மின்சாரம் போனால் விடுகதை போடுவார், பேரன் எனக்கு மொழிபெயர்ப்பான். விடை தெரியாவிட்டால் ஒரு ஊரைக் கொடுக்க வேண்டும், அது ஆட்டத்தின் விதி. கொடுத்தால்தான் விடையைச் சொல்வார். முதல் நாள் கும்பகோணம் போனது. சம்பளம் மூன்று மாதம் நின்றுபோன ஒரு மழைக்காலத்தில் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் என்று டெல்டாவையே இழந்தேன். அந்த அம்மா வாடகையைக் கேட்கவில்லை.

அஸ்தெரின் ஐந்நூறில் அந்த விடுகதைகளில் எத்தனை இருந்தன என்று அப்போது விசாரிக்கத் தோன்றவில்லை. அஸ்தெர் யாரென்றே எனக்குத் தெரியாது. இரண்டு வருடம் அந்த ஊரில் இருந்துவிட்டு வந்த முட்டாள் நான். அதனால்தான் உங்களிடம் இவ்வளவு கோபம்.

கேட்டதற்கு வருகிறேன். ஆகஸ்டில் அங்கே அடைமழை, யார் தேதி குறித்தது? ஸ்வெட்டரும் குடையும் வேண்டும். அங்கத்துச் சாப்பாடான இஞ்செரா அப்பம் புளிக்கும், புளித்த தோசை மாவு வாசனையில் வளர்ந்தவர்களுக்குப் பயமில்லை. அந்தப் பக்கம் சில ஆண்டுகளாகச் சண்டை நடப்பதால் நெகெம்தே வரை போக முடியுமா என்று சபையாரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பழைய துணி மூட்டை, பேனா பாக்கெட் எல்லாம் வேண்டாம்.

கொடுக்கச் சில ஊர்களைக் கைவசம் வைத்துக்கொள்ளுங்கள். மயிலாடுதுறையை நான் ஏற்கெனவே கொடுத்துவிட்டேன், மன்னிக்கவும்.