டென்மார்க்குல பொறந்து சாக்சனிக்கு வாழப்போன அன்னா: கேள்வியும் பதிலும்

ஜெர்மனியில இருந்த சாக்சனி நாட்டு எலெக்டரோட மனைவி அன்னாவைப் பத்தி (1532–1585) பல வருஷமா படிச்சிட்டு வர்றேன், கேள்வி இருந்தா கேளுங்கன்னு சொல்லியிருந்தேன். வந்ததுக்கெல்லாம் ஒவ்வொண்ணா பதில் சொல்றேன்.

கேள்வி: சார், முதல்ல இவங்க யாரு? எலெக்டர்னா என்ன?

பதில்: டென்மார்க் ராஜா மூணாம் கிறிஸ்டியனோட மூத்த பொண்ணு தம்பி. 1548ல டோர்காவ்ங்கிற ஊர்ல சாக்சனி இளவரசர் ஆகஸ்டோட கல்யாணம், பொண்ணுக்கு 15 வயசு, மாப்பிள்ளைக்கு 22. அப்போ ஆட்சி அவர் அண்ணன் மோரிட்ஸ் கையில இருந்துச்சு. 1553ல மோரிட்ஸ் போர்ல அடிபட்டு ஆண் வாரிசு இல்லாம இறந்துட்டார், பட்டம் தம்பிக்கு வந்துச்சு. எலெக்டர்னா புனித ரோமப் பேரரசரை ஓட்டுப் போட்டு தேர்ந்தெடுக்குற உரிமை இருந்த ஏழு பேர்ல ஒருத்தர், அவ்வளவுதான்.

கேள்வி: 15 குழந்தைன்னு படிச்சேன், நிஜமாவா அண்ணா?

பதில்: நிஜம்தாம்மா. 1550ல இருந்து 1575 வரைக்கும், 25 வருஷத்துல 15 பிரசவம். அதுல வளர்ந்து ஆளானது நாலே பேரு, எலிசபெத், கிறிஸ்டியன், டோரோத்தியா, அன்னா. மிச்சம் 11 பேரையும் பெத்தவளே புதைச்சா. பெரும்பாலும் கைக்குழந்தைங்க, அலெக்சாண்டர்னு ஒரு பையன் மட்டும் 11 வயசு வரைக்கும் இருந்துட்டு 1565ல போயிட்டான். அந்தக் காலத்துல இதெல்லாம் சகஜம்னு சிலர் ஒரே வரியில தாண்டிப் போவாங்க, என்னால அப்படிப் போக முடியல. 11 தடவை ஒரே வீட்டுல.

கேள்வி: வைத்தியம் பார்த்தாங்கன்னு சொல்றாங்களே, ராணி மாதிரி இருக்கிறவங்க எதுக்கு அதெல்லாம்?

பதில்: பெரிய வீட்டுப் பொம்பளைங்க மூலிகை, மருந்து தெரிஞ்சு வச்சிருக்கிறது அங்கே வழக்கம்தான், ஆனா அன்னா அதை வேற அளவுக்குக் கொண்டு போனா. மான்ஸ்ஃபெல்ட் குடும்பத்து டோரோத்தியாங்கிற வயசான அம்மா வைத்தியத்துல பேர் எடுத்தவங்க, அவங்ககிட்டதான் நிறைய கத்துக்கிட்டா. மூலிகையெல்லாம் போட்டு வடிச்சு எடுக்குற சாராய மருந்து ஒண்ணு, அக்வா விட்டேன்னு பேரு, அதுல மஞ்சள், வெள்ளைன்னு ரெண்டு வகை செஞ்சு ஜெர்மனி முழுக்க இருந்த ராஜ குடும்பங்களுக்கு அனுப்பி வச்சா, அவங்களும் கேட்டு கேட்டு எழுதினாங்க. அவ பேர்லயே 1570கள்ல கட்டின அன்னாபுர்க் கோட்டையில மருந்து வடிக்கிறதுக்குன்னு தனிக் கட்டடமே இருந்துச்சு. இது போக பண்ணை, மாடு, வெண்ணெய், பாலாடைக்கட்டி கணக்கு வரைக்கும் அவ பார்வையில ஓடுச்சு. அவளுக்கு வந்ததும் அவ எழுதினதுமா சுமார் 25,000 கடிதம் மிஞ்சியிருக்கு, ட்ரெஸ்டன் ஆவணக் காப்பகத்துல. குழந்தைங்களைப் பறிகொடுத்ததுதான் அவளை மருந்துப் பக்கம் இவ்வளவு தூரம் இழுத்துச்சுன்னு எனக்குத் தோணுது, இது என்னோட கணிப்புதான்.

கேள்வி: ஜனங்க 'அன்னா தாயே'ன்னு கூப்பிட்டாங்களாமே, அவ்வளவு நல்லவங்களா?

பதில்: 'தாய் அன்னா'ங்கிற பேரு உண்மை. ஆனா அது பாதிக் கதை. அன்னா, மார்ட்டின் லூதரோட புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவ வழியில ரொம்ப அழுத்தமானவ. 1574ல அரண்மனைக்குள்ளேயே சிலர் ரகசியமா இன்னொரு புராட்டஸ்டன்ட் பிரிவான கால்வின் கொள்கையைப் பரப்புறாங்கன்னு ஒரு கடிதம் சிக்குச்சு, தாய் அன்னாவை நம்ம பக்கம் இழுத்துட்டா அப்புறம் பிரபுவும் வந்துடுவார்ங்கிற மாதிரி அதுல எழுதியிருந்தது. அவளுக்கு எவ்வளவு செல்வாக்கு இருந்துச்சுன்னு எதிராளிங்க வாயாலேயே தெரியுது பாருங்க. ஆகஸ்டுக்கு வந்த கோபத்துல கிராகோவ்ங்கிற மந்திரி சித்திரவதைப்பட்டு ஜெயில்லயே செத்தார், அரண்மனை டாக்டர் பாய்சர் 12 வருஷம் உள்ளே கிடந்தார். அன்னா இதைத் தடுக்கல, கணவன் பக்கமே உறுதியா நின்னா. 1585 அக்டோபர்ல பிளேக்ல அவ இறந்தா, மூணு மாசத்துல கணவர் ஆகஸ்ட், 13 வயசுகூட நிறையாத பொண்ணு ஒருத்தியைக் கட்டிக்கிட்டார், அந்தப் பொண்ணோட அப்பா கேட்டுக்கிட்டதாலதான் பாய்சருக்கு விடுதலையே கிடைச்சுது. அன்னாவை எனக்குப் பிடிக்கும், ஆனா பாய்சர் விஷயத்தை மறைச்சுட்டு அவளைப் பாராட்ட எனக்கு மனசு வரல.

கேள்வி: தரங்கம்பாடி டேனிஷ் கோட்டைக்கும் இவங்க குடும்பத்துக்கும் சம்பந்தம் இருக்கா?

பதில்: இருக்கு. 1620ல தஞ்சை ரகுநாத நாயக்கரோட ஒப்பந்தம் போட்ட டென்மார்க் ராஜா நாலாம் கிறிஸ்டியன், அன்னாவோட தம்பி மகன். அவருக்கு இவ சொந்த அத்தை. அவ இறக்கும்போது அவர் எட்டு வயசுப் பையன்.

கேள்வி: மிஞ்சின நாலு பேரும் நல்லா வாழ்ந்தாங்களான்னு அக்கா கேக்கச் சொன்னாங்க.

பதில்: இதைச் சொல்லத்தான் கஷ்டமா இருக்கு. கிறிஸ்டியன் பட்டத்துக்கு வந்தான், 1591ல 30 வயசுலயே போயிட்டான். டோரோத்தியா 23 வயசுல இறந்தா. எலிசபெத்தை மதம் வேற, மனசும் ஒட்டாத ஒரு கால்வின்காரருக்குக் கொடுத்தாங்க, நடத்தை சரியில்லைன்னு பழி போட்டு 1585ல அவளை அடைச்சு வச்சாங்க, 1590ல இறந்தா.

கடைக்குட்டிப் பொண்ணு, அம்மா பேரையே வச்சவ, கோபுர்க் பிரபு யோகான் காசிமிருக்கு வாக்கப்பட்டா. வேற ஒருத்தரோட தொடர்புன்னு 1593ல விவாகரத்து பண்ணி சிறையில போட்டார். அப்புறம் அவர் கட்டிக்கிட்டது யாரை தெரியுமா, இவளோட சித்தி மகள் மார்கரெத்தாவை, தங்கச்சி முறை. அந்த ஜோடி முத்தம் கொடுக்குற மாதிரி காசு கூட அடிச்சாங்க, அதோட பின்பக்கத்துல தனியா ஒரு கன்னியாஸ்திரி உருவம், அது இவதான்னு சொல்லுவாங்க. இவ ஒவ்வொரு இடமா மாத்தப்பட்டு, கடைசில கோபுர்க் கோட்டையில 1613ல இறந்தா. மொத்தம் 20 வருஷம் சிறை.

இதுக்கு முன்னாடியே மோரிட்ஸோட பொண்ணு, அவ பேரும் அன்னாதான், நெதர்லாந்து கிளர்ச்சித் தலைவர் ஆரஞ்சு வில்லியமைக் கட்டினவ, அவளும் கணவனால ஒதுக்கப்பட்டு ட்ரெஸ்டன் அரண்மனையிலேயே பூட்டின ரூம்ல 1577ல இறந்தா. அந்த அரண்மனைதான் நம்ம தாய் அன்னாவோட வீடு.