கையெழுத்துப் போட்டாச்சு, இனி எதுவும் கேட்க முடியாதா? – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை டாக்டர்கள் மேல் இருக்கும் கோபத்தில் எழுதப்பட்டவை. ஒரு கடிதம் மட்டும் டாக்டர் எழுதியது. நீளமானவற்றைச் சுருக்கியிருக்கிறோம், மருத்துவமனைகளின் பெயர்களை எடுத்துவிட்டோம்.

கேள்வி: அம்மாவுக்குப் பித்தப்பையில் கல். லேப்ராஸ்கோப்பியில் (சின்னத் துளை வழியாகச் செய்யும் ஆபரேஷன்) பித்தப்பையை எடுத்து மறுநாளே டிஸ்சார்ஜ் செய்தார்கள். வீட்டுக்கு வந்ததும் காய்ச்சல், வயிற்று வலி, கண்ணில் மஞ்சள். திரும்பப் போனால் 'கேஸ் ட்ரபிள்தான்' என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஒரு வாரம் கழித்து வேறு மருத்துவமனையில்தான் பித்தக் குழாய் வெட்டுப்பட்டிருப்பது தெரிந்தது. மறுபடி பெரிய ஆபரேஷன். இப்போது தேறிவிட்டார். முதலில் ஆபரேஷன் செய்தவரைக் கேட்டால், 'இது யாருக்கும் நடக்கக்கூடியதுதான், எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே' என்கிறார். இது அலட்சியமா இல்லையா?
– ஒரு மகள்

பதில்: அம்மா தேறிவிட்டார் என்பது பெரிய நிம்மதி. ஆனால் உங்கள் கேள்வியில் மூன்று விஷயங்கள் பின்னிக் கிடக்கின்றன, தனித்தனியாகப் பிரித்தால்தான் பதில் சொல்ல முடியும்.

முதலாவது, குழாய் வெட்டுப்பட்டது. பித்தப்பையிலிருந்து வரும் சின்னக் குழாயும் கல்லீரலிலிருந்து வரும் பெரிய குழாயும் சேரும் இடம் அழற்சியால் வீங்கி ஒட்டிப்போயிருந்தால் எது எது என்று பிரித்துப் பார்ப்பது கஷ்டம். கைதேர்ந்தவர்களுக்கும் இது நடக்கிறது, ஆயிரம் ஆபரேஷனில் மூன்று நான்கில் நடக்கும் என்பது பொதுவான கணக்கு. அதனால் வெட்டுப்பட்டது என்பதை மட்டும் வைத்து அலட்சியம் என்று சொல்லிவிட முடியாது. டாக்டர் சொல்வதில் அந்த அளவுக்கு நியாயம் உண்டு. ஆனால் இந்த விபத்தைத் தவிர்க்க 1995லேயே ஒரு முறை வகுக்கப்பட்டது: சுற்றியுள்ள கொழுப்பையும் திசுவையும் சுத்தமாக விலக்கி, பித்தப்பைக்குள் போவது ஒரு குழாய், ஒரு ரத்தக் குழாய், இரண்டே இரண்டுதான் என்று கண்ணால் உறுதி செய்த பிறகே கிளிப் போட்டு வெட்ட வேண்டும். தெளிவாகத் தெரியவில்லை என்றால் நிறுத்த வேண்டும், அனுபவமுள்ள இன்னொருவரைக் கூப்பிட வேண்டும், அல்லது வயிற்றைத் திறந்து செய்ய வேண்டும். அம்மாவின் ஆபரேஷன் குறிப்பில் இதைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். நான்கே வரியில் 'வழக்கம்போல் அகற்றப்பட்டது' என்று முடிந்திருந்தால் கேள்வி கேட்க இடமிருக்கிறது.

இரண்டாவது, எனக்கு அதிகமாக உறுத்துவது, திரும்பப் போனபோது நடந்தது. பித்தப்பை எடுத்த சில நாட்களில் காய்ச்சலோடும் மஞ்சள் கண்ணோடும் ஒருவர் வந்தால் பித்தம் கசிகிறதா, குழாய் அடைபட்டிருக்கிறதா என்பதுதான் முதல் சந்தேகமாக இருக்க வேண்டும். ஒரு ரத்தப் பரிசோதனை, ஒரு ஸ்கேன், இவ்வளவுதான் தேவை. வாயு மாத்திரை கொடுத்து அனுப்பியதை எந்த 'நடக்கக்கூடியது' கணக்கில் சேர்ப்பது?

மூன்றாவது, கையெழுத்து. நீங்கள் ஒப்புக்கொண்டது ஆபரேஷனுக்கும், சொல்லப்பட்ட ஆபத்துகளுக்கும். கவனக்குறைவுக்கு யாரும் முன்கூட்டி அனுமதி கொடுப்பதில்லை, அப்படி எழுதி வாங்கினாலும் செல்லாது. என்னென்ன ஆகலாம் என்று விளக்காமல், ஆபரேஷன் தியேட்டர் வாசலில் ஸ்ட்ரெச்சரை நிறுத்தி வாங்கும் கையெழுத்துக்கு மதிப்பு ரொம்பக் குறைவு. பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2015ல் மான்ட்கோமரி வழக்கில் இதைத்தான் சொன்னது. சர்க்கரை நோய் உள்ள, உருவத்தில் சிறிய ஒரு கர்ப்பிணி. சுகப்பிரசவத்தில் குழந்தையின் தோள் சிக்கிக்கொள்ள 9, 10 சதவீத வாய்ப்பு இருந்தது. சொன்னால் சிசேரியன் கேட்பார் என்று நினைத்து டாக்டர் சொல்லவில்லை. தோள் சிக்கியது, குழந்தைக்கு மூளை பாதித்தது. எந்த ஆபத்தைச் சொல்ல வேண்டும் என்பதை டாக்டரின் வசதியை வைத்து முடிவு செய்யக் கூடாது, அந்த நோயாளியின் இடத்தில் இருப்பவர் எதை முக்கியமாக நினைப்பார் என்பதே அளவுகோல் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அதனால் டாக்டரிடம் மறுபடி போவதென்றால் 'ஏன் வெட்டினீர்கள்' என்று ஆரம்பிக்காதீர்கள். 'நாங்கள் திரும்ப வந்த அன்று என்ன சந்தேகப்பட்டீர்கள், ஏன் ஸ்கேன் எடுக்கவில்லை?' என்று கேளுங்கள்.

கேள்வி: இணையத்தில் படித்துவிட்டு ஏதாவது கேட்டால் டாக்டர் எரிந்து விழுகிறார். நான் பாதி சொல்வதற்குள் மருந்து எழுத ஆரம்பித்துவிடுகிறார். இவரை எப்படி நம்புவது?

பதில்: பாதி சொல்லும் வரை விட்டாரா, பரவாயில்லையே! 1984ல் அமெரிக்காவில் டாக்டரும் நோயாளியும் பேசுவதைப் பதிவு செய்து ஆராய்ந்தார்கள். நோயாளி பேச ஆரம்பித்துச் சராசரியாக 18 வினாடியில் டாக்டர் குறுக்கே புகுந்திருந்தார். பேசவிட்டால் நிறுத்தவே மாட்டார்கள் என்று டாக்டர்கள் பயப்படுகிறார்கள், ஆனால் சுவிட்சர்லாந்தில் குறுக்கிடாமல் விட்டுப் பார்த்தபோது நோயாளிகள் சராசரியாக 92 வினாடியில் தாங்களே முடித்துக்கொண்டார்கள். அந்த ஒன்றரை நிமிடத்தைத் தராத டாக்டர் மேல் எனக்கும் வருத்தம்தான். உங்கள் பக்கம் செய்யக்கூடியது: இருப்பதிலேயே பயமான விஷயத்தை முதல் வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள், கதவைப் பிடித்துக்கொண்டு 'அப்புறம் டாக்டர், நெஞ்சும் வலிக்குது' என்று சொல்ல வேண்டாம். படித்ததைக் கேட்கும்போது, 'இது எனக்குப் பொருந்துமா?' என்று கேட்டுப் பாருங்கள். அதற்கும் எரிந்து விழுந்தால் ஆளை மாற்றுங்கள்.

கேள்வி: ஐயா, நான் பயிற்சி முடித்து இரண்டு வருடம் ஆன டாக்டர். வார்டில் யாராவது இறந்தால் சொந்தக்காரர்கள் கூட்டமாக வந்துவிடுகிறார்கள், என் நண்பன் ஒருவன் அடி வாங்கியிருக்கிறான். 'எதையும் ஒப்புக்கொள்ளாதே, மன்னிப்புக் கேட்காதே, வக்கீல் பேசட்டும்' என்கிறார்கள் சீனியர்கள். உண்மையிலேயே தவறு நடந்தால்கூட வாயை மூடிக்கொண்டுதான் இருக்க வேண்டுமா?

பதில்: தம்பி, டாக்டரை அடிப்பது குற்றம், அதில் 'ஆனால்', 'ஆயினும்' எதுவும் கிடையாது. யார் என்ன துக்கத்தில் இருந்தாலும் சரி.

சீனியர்கள் சொல்வதை நானும் காலம் காலமாகக் கேட்டிருக்கிறேன். கேட்கப் பத்திரமாகத் தெரியும், நடைமுறையில் நேர் எதிராகத்தான் வேலை செய்கிறது. மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவமனை 2001லிருந்து வேறு வழியில் போனது. ஏதாவது தவறாகப் போனால் உடனே விசாரிப்பது, தங்கள் தவறு என்று தெரிந்தால் குடும்பத்தை உட்காரவைத்துச் சொல்லி, மன்னிப்புக் கேட்டு, இழப்பீட்டையும் தாங்களே பேசுவது, தவறில்லை என்றால் விட்டுக்கொடுக்காமல் வாதாடுவது. வழக்குகள் குவியும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். 2010ல் வெளியான ஆய்வின்படி வழக்கு விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. வழக்கு முடிய ஆகும் காலமும் செலவும் குறைந்திருந்தன. காரணம் ஒன்றும் ரகசியமில்லை. வீட்டில் ஒருவரை இழந்தவர்களுக்கு முதலில் வேண்டியது என்ன நடந்தது என்ற விவரம். அதை டாக்டர் சொல்லாவிட்டால் வக்கீல் நோட்டீஸ் அனுப்பித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

என்ன பேசுவது என்று தெரியாமல் பலர் ஒளிந்துகொள்கிறார்கள். இப்படிச் சொல்லலாம்: 'எதிர்பார்க்காத ஒன்று நடந்துவிட்டது. எங்களுக்கு இதுவரை தெரிந்தது இவ்வளவுதான். மீதியை விசாரிக்கிறோம். நாளைக் காலை பத்து மணிக்கு நானே வந்து சொல்கிறேன்.' சொன்னபடி பத்து மணிக்குப் போய் நில், புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லாவிட்டாலும். தனியாகப் போகாதே, சீனியர் ஒருவரையும் ஒரு நர்ஸையும் கூட்டிக்கொள். இன்னொன்று, கேஸ் ஷீட்டில் கை வைக்காதே. விட்டுப்போனதைச் சேர்க்க வேண்டுமென்றால் இன்றைய தேதி, நேரம் போட்டு, பிறகு சேர்த்தது என்று எழுதிக் கையெழுத்துப் போடு. திருத்திய கேஸ் ஷீட் நீதிமன்றத்துக்குப் போனால், தவறே செய்யாத டாக்டரைக்கூட யாரும் நம்ப மாட்டார்கள்.

தவறு நடந்தால் ஒரு ஆளைப் பிடித்துக் கொடுத்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பதும் ஆபத்து. வின்கிறிஸ்டின் என்று ஒரு புற்றுநோய் மருந்து. ரத்தக் குழாயில் மட்டும்தான் போட வேண்டும், முதுகுத் தண்டில் போட்டால் அநேகமாக உயிர் போய்விடும். ஆனால் சில ரத்தப் புற்றுநோய்களுக்கு முதுகுத் தண்டில் போடும் வேறு மருந்தையும் சேர்த்துக் கொடுப்பார்கள். இரண்டும் ஒரே மாதிரி ஊசிக் குழலில், ஒரே தட்டில் வந்தால்? 2001ல் இங்கிலாந்தில் 18 வயது இளைஞர் ஒருவர் இப்படித்தான் இறந்தார். அவர் முதல் ஆள் இல்லை, பல நாடுகளில் பல வருடங்களாக இதே தவறு திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது, ஊசி போட்டவர் தண்டனை வாங்கினாலும் அடுத்த மருத்துவமனையில் தட்டு அப்படியேதான் இருந்தது. வின்கிறிஸ்டினை ஊசிக் குழலில் அனுப்பாதீர்கள், சின்ன டிரிப் பையில் கலந்து அனுப்புங்கள் என்று 2007ல் உலக சுகாதார நிறுவனம் எச்சரித்தது. பையை யாரும் முதுகுத் தண்டில் ஏற்றப் போவதில்லை. உன் வார்டில் எந்தத் தட்டில் எது எதோடு வருகிறது என்று நாளைக்கே போய்ப் பார்.

கேள்வி: எல்லா டெஸ்டும் கமிஷனுக்குத்தானே எழுதுகிறார்கள்? ஒளிக்காமல் சொல்லுங்கள்.

பதில்: எல்லாமே இல்லை. சிலது ஆம். சிலது வழக்குப் பயத்தில் எழுதுவது, அதற்கும் செலவு உங்கள் தலையில்தான். டெஸ்ட் எழுதும்போது, 'இதன் முடிவு எப்படி வந்தால் சிகிச்சை மாறும்?' என்று கேளுங்கள். எப்படி வந்தாலும் அதே மாத்திரைதான் என்றால் அந்த டெஸ்ட் எதற்கு?

ஆனால் ஒன்று. இனிமையாகப் பேசுபவர் நல்லவர், சிடுசிடுப்பவர் கமிஷன் ஆள் என்று கணக்குப் போடாதீர்கள். இங்கிலாந்தில் இயன் பேட்டர்சன் என்று ஒரு மார்பக அறுவை நிபுணர். புற்றுநோயே இல்லாதவர்களுக்கு இருக்கிறது என்று பயமுறுத்தி வெட்டியவர், 2017ல் சிறைக்குப் போனார், தண்டனை பிறகு 20 வருடமாக உயர்த்தப்பட்டது. அவரிடம் போனவர்கள் பலர் அவரை அன்பானவர் என்றுதான் நினைத்திருந்தார்கள். கூட வேலை பார்த்தவர்கள் பல வருடம் முன்பே சந்தேகத்தைச் சொல்லியும் நிர்வாகம் வேகமாக அசையவில்லை. நம்பிக்கை போனதற்கு டாக்டர்களை மட்டும் திட்டிக்கொண்டிருக்கிறோம், புகாரை மேஜையில் வைத்துக்கொண்டு காத்திருந்த நிர்வாகிகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

கேள்வி: புகார் கொடுக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டோம். முதலில் எங்கே போவது?

பதில்: எங்கே போவது என்பது இரண்டாவது. முதலில் ரெக்கார்டு. கேஸ் ஷீட், நர்ஸ் குறிப்புகள், மருந்துச் சீட்டு, மயக்க மருந்துக் குறிப்பு, ஆபரேஷன் குறிப்பு, எல்லாவற்றின் நகலையும் எழுத்தில் கேட்டு, கொடுத்ததற்கு ஒப்புகை வாங்குங்கள். இந்தியாவில் கேட்ட 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று 2002லேயே மருத்துவ கவுன்சில் விதி வந்துவிட்டது. டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. கூடவே, நினைவு மங்குவதற்குள் தேதி வாரியாக நடந்ததை நீங்களே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அதை வழக்கில் சம்பந்தப்படாத, அதே துறை டாக்டர் ஒருவரிடம் காட்டுங்கள். இங்கே சிலர் மனம் மாறுவார்கள், அதுவும் நல்லதுதான். பிறகு வழி மூன்று. பணம்தான் கேள்வி என்றால் நுகர்வோர் ஆணையம் அல்லது சிவில் நீதிமன்றம் (இந்தியாவில் பணம் வாங்கிச் செய்யும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995ல் உச்ச நீதிமன்றம் சொன்னது). டாக்டரின் நடத்தைதான் கேள்வி என்றால் மருத்துவ கவுன்சில். போலீஸ் புகார் கடைசி. 2005ல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, கிரிமினல் குற்றம் என்றால் சாதாரணக் கவனக்குறைவு போதாது, மிகக் கடுமையான அலட்சியம் என்று காட்ட வேண்டும். கோபத்தில் நேராக ஸ்டேஷனுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் அங்கேயே தேங்கிப்போகிறார்கள்.

கேள்வி: இன்னொரு டாக்டரிடம் கருத்துக் கேட்டால் இப்போது பார்க்கும் டாக்டர் கோபித்துக்கொள்வாரா?

பதில்: நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார், தானே இரண்டு பேரைச் சொல்லவும் செய்வார். மறைத்துக்கொண்டு போகாதீர்கள், சொல்லிவிட்டே போங்கள். அங்கே போகும்போது ரிப்போர்ட் காகிதத்தை மட்டும் எடுத்துப் போனால் புதிய டாக்டரும் முன்னவர் எழுதியதைத்தான் படித்துக்கொண்டிருப்பார். ஸ்கேன் என்றால் சிடியைக் கேட்டு வாங்குங்கள், பயாப்ஸி (திசுப் பரிசோதனை) என்றால் கண்ணாடி ஸ்லைடையும் திசுவைப் பதித்து வைத்திருக்கும் மெழுகுக் கட்டியையும் லேபில் கையெழுத்துப் போட்டு வாங்கிப் போங்கள். பார்த்து முடித்ததும் திரும்பக் கொடுத்துவிட வேண்டும்.