பாலிஷ் அடிக்காத டெக்குக்கு எந்த மரம்? கேள்வி பதில்

வெயிலும் மழையும் நேராக விழும் இடத்தில் மரப்பலகைத் தளம் (டெக்) போட்டு, பாலிஷ், வார்னிஷ், எண்ணெய் எதுவும் அடிக்காமல் அப்படியே விட நினைப்பவர்கள் கேட்டவை இவை.

கேளம்பாக்கம்: அண்ணா, தோட்டத்தில் 12-க்கு 10 அடி டெக். தேக்குதான் போடணும்னு வீட்டில் சொல்றாங்க. சரியா?

சரிதான், ஆனால் எந்தத் தேக்கு என்று கேளுங்கள். சின்ன வயதிலேயே வெட்டிய தோட்டத் தேக்கில் வெள்ளை (மரத்தின் வெளிப்புற வெளிர் பகுதி) அதிகம், வைரம் (நடுவில் இருக்கும் கெட்டிப் பகுதி) குறைவு. கரையானும் பூஞ்சையும் முதலில் பிடிப்பது அந்த வெள்ளையைத்தான், தேக்கு என்று பேர் இருப்பதால் அது தப்பிக்காது. கடையில் பலகையின் நுனியைப் பாருங்கள், தூசி படிந்திருந்தால் ஒரு இழைப்பு இழைக்கச் சொல்லுங்கள். தேன் நிறத்தில் இருப்பது வைரம், ஓரத்தில் வெளிறிப்போய் பட்டையாக ஓடுவது வெள்ளை. கதவு, அலமாரி என்றால் கலர் கொடுத்து மறைத்துவிடுவார்கள், வீட்டுக்குள் அது பெரிய குறையும் இல்லை. மழையில் கிடக்கப்போகும் பலகையில் அந்தப் பட்டைதான் முதலில் மக்கும், அதனால் வெள்ளை ஓடுகிற பலகையைக் கண்டிப்பாகக் கழித்துவிடுங்கள், கன அடிக்கு விலை கூடினாலும் பரவாயில்லை. அப்புறம், 'பர்மாவிலிருந்து இப்போதுதான் உருட்டாக இறங்கியது' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அந்த நாடு உருட்டு மர ஏற்றுமதியை 2014 ஏப்ரலிலேயே நிறுத்திவிட்டது.

மதுரை: தேக்குக்கு பட்ஜெட் இல்லை சார். வேறு என்ன போடலாம்?

கோங்கு, இருள், சால் ஆகிய மரங்கள். தேராதூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் மரக்கட்டைகளைப் பாதி மண்ணில் புதைத்து, கரையானும் ஈரமும் தின்ன விட்டு, எத்தனை மாதம் தாங்குகின்றன என்று பார்ப்பார்கள். சராசரியாக 120 மாதமோ அதற்கு மேலோ நின்றால் முதல் வகுப்பு, 60-க்குக் கீழே போனால் மூன்றாவது. தேக்கோடு சேர்ந்து இந்த மூன்றும் முதல் வகுப்பு. அதுவும் வைரத்துக்கு மட்டும்தான், மண்ணைத் தொடாத டெக் பலகை இன்னும் நிறைய நாள் நிற்கும். கனமான மரங்கள் என்பதால் டிரில் போடாமல் ஸ்க்ரூ ஏற்றினால் நுனி பிளந்துவிடும். தேக்கு அளவுக்கு அடங்கியும் இருக்காது, வெயிலில் மேலே மெல்லிய வெடிப்புகள் வரும், அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். கட்டியான மரம் எல்லாம் வெளியே நிற்கும் என்று மட்டும் நினைக்க வேண்டாம். சவுக்கும் யூகலிப்டஸும் கட்டிதான், பலகையாக அறுத்து வெயிலில் போட்டால் முறுக்கி வெடித்துவிடும்.

வேப்பமரம்? சொந்தத் தோட்டத்தில் வெட்டியது இருக்கு.

நிலைக்கு, கதவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். டெக்குக்கு வேண்டாம்.

காரைக்குடி: பழைய வீடு இடித்த தேக்கு உத்திரங்கள் கிடைக்குது. அறுத்துப் போடலாமா?

தாராளமாக. என்னைக் கேட்டால் புதிய மரத்தை விட இதற்குத்தான் காசு கொடுப்பேன், செட்டிநாட்டு வீடுகளுக்கு இறங்கிய பர்மா தேக்கின் தரம் இன்றைய தோட்ட மரத்தில் கிடைக்காது. சுவருக்குள் புதைந்திருந்த முனையைத் தட்டிப் பாருங்கள், பொத்தென்று சத்தம் வந்தால் அந்த அளவுக்கு வெட்டி எறியுங்கள். அறுவை மில்லுக்குக் கொண்டுபோகும் முன் பழைய ஆணிகளைப் பிடுங்கிவிடுங்கள்.

கிள்ளான்: அண்ணே, மெர்பாவ் மரம் போட்ட பிறகு கீழே சிமெண்ட் தரையெல்லாம் காப்பி நிறத்தில் ஒழுகுது. மரம் கெட்டுப்போச்சா?

இல்லை. மெர்பாவில் இருக்கும் சாயம் மழையில் கரைந்து இறங்குகிறது, நாளாக நாளாகக் குறைந்துவிடும். புதிதாகப் போடுகிறவர்கள் பலகைகளை முதலில் வெளியே மழையில் நனைய விட்டுக் காயவைத்துப் பொருத்தினால் தரை தப்பிக்கும். வெள்ளைச் சுவரை ஒட்டிய இடமென்றால் பலாவ் மரம் மேல்.

புதுச்சேரி: ஸ்க்ரூவைச் சுற்றிக் கருப்பு வட்டம் வருது. கடல் பக்கத்து வீடு.

சாதா இரும்பு ஸ்க்ரூ போட்டிருப்பார்கள். மரத்தின் துவர்ப்புச் சத்தும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் கருப்பாகத்தான் ஆகும். எல்லாவற்றையும் கழற்றி ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடுங்கள், கடல் காற்றுக்கு 304 ரகம் போதாது, 316 ரகம் கேட்டு வாங்குங்கள். கறையை ஆக்ஸாலிக் அமிலக் கரைசலால் எடுக்கலாம், கையுறை போட்டுக்கொண்டு.

கோவை: ஆர்க்கிடெக்ட் ஈப்பே போடச் சொல்கிறார்.

மரத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை, தண்ணீரில் போட்டால் மூழ்குகிற அளவுக்கு அடர்த்தி. ஆனால் அது தென் அமெரிக்கக் காட்டிலிருந்து வருவது, 2024 நவம்பர் முதல் சைட்டிஸ் (அரிய உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) கட்டுப்பாட்டில் இருக்கிறது, ஆவணம் காட்டாதவரிடம் வாங்காதீர்கள். நல்ல கோங்கு இங்கேயே கிடைக்கும்போது அவ்வளவு தூரம் போகத்தான் வேண்டுமா என்று அவரிடமே ஒரு முறை கேளுங்கள்.

ஊட்டி: தேக்கு டெக் ஒரே வருடத்தில் சாம்பல் நிறமாகி, மழையில் வழுக்குது. வார்னிஷ் அடிச்சிடலாமா?

அடிக்காதீர்கள், வெயிலில் உரிந்துபோய் வருடா வருடம் சுரண்ட வேண்டியிருக்கும். சாம்பல் நிறம் மேல்தோலோடு நிற்கிறது. வெயில் மரத்தின் இழைகளைப் பிணைத்திருக்கும் லிக்னின் என்ற பொருளை உடைக்கிறது, மழை அதைக் கழுவுகிறது, அவ்வளவுதான், ஒரு இழைப்பு இழைத்தால் உள்ளே பழைய தேன் நிறம் அப்படியே இருக்கும். வழுக்குவது பாசி. தேங்காய் நார் பிரஷ்ஷால் தண்ணீர் விட்டு இழை ஓடும் திசையிலேயே தேயுங்கள், பிரஷர் வாஷர் வைத்து அடித்தால் இழை பிய்ந்து மரம் சொரசொரப்பாகி இன்னும் அழுக்கைப் பிடிக்கும். பலகைகளுக்கு நடுவே 5, 6 மி.மீ. இடைவெளி இருக்கிறதா, அதில் இலைக் குப்பை அடைத்திருக்கிறதா, கீழே காற்று ஓடுகிறதா என்று பாருங்கள். அங்கே ஈரம் நின்றால் மேலே எவ்வளவு தேய்த்தாலும் பாசி திரும்ப வரும்.