டிசம்பரில் கெய்ரோவிலிருந்து அலெக்சாந்திரியா போய்வர ஒரு நாள் போதுமா?

போதாது. இரண்டு இரவு தங்குங்கள். "எகிப்துக்கே மொத்தம் ஏழு நாள்தான், இதில் இரண்டு இரவா?" என்று சண்டைக்கு வருவீர்கள். முதலில் கணக்கைப் பாருங்கள், அப்புறம் திட்டுங்கள்.

தூரம் சுமார் 220 கிலோமீட்டர். வண்டியில் மூன்று மணி நேரம். ஏழு மணிக்குக் கிளம்பினால் பத்துக்குச் சேரலாம். டிசம்பரில் ஐந்து மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும், தொல்லியல் இடங்களை அதற்கு முன்பே பூட்டிவிடுவார்கள். ஊரோ கடலுக்கும் மரியூத் ஏரிக்கும் நடுவே நாடா மாதிரி நீண்டு கிடக்கிறது. பயண ஏஜென்டுகள் 'பகல் சுற்றுலா' என்று விற்பது பெரும்பாலும் பஸ் ஜன்னல் வழியாகக் கடல் பார்ப்பதுதான்.

ரயிலில் போங்கள். ஒரு எச்சரிக்கை: முதலில் சீதி காபிர் நிலையம் வரும், பாதிப் பெட்டி எழுந்து இறங்கும். கூட்டத்தைப் பார்த்து நீங்களும் இறங்கிவிடாதீர்கள். கடைசி நிலையமான 'மஹத்தத் மிஸ்ர்' வரை உட்கார்ந்திருங்கள். கோம் எல்-திக்கா ரோமானிய அரங்கம் அங்கிருந்து நடை தூரம்தான். 2005-ல் மூடி 2023-ல் திறந்த கிரேக்க-ரோமானிய அருங்காட்சியகமும் அதே பக்கம். முதல் நாள் மதியத்துக்கு இவை இரண்டும் போதும்.

தங்க 'மஹத்தத் எர்-ரம்ல்' வட்டாரம் வசதி. கடல் பார்த்த அறைக்கு ஆசைப்பட்டால் கூடவே விடிய விடிய ஹாரன் சத்தமும் வரும். கார்னிஷ் என்கிற கடற்கரைச் சாலையைக் குறுக்கே கடக்காதீர்கள். சுரங்கப்பாதை எங்கே என்று பார்த்து இறங்குங்கள்.

இரண்டாம் நாள் காலை கோம் எல்-ஷுகாஃபா நிலத்தடிக் கல்லறைக்கு டாக்ஸி. சுழல் படிக்கட்டு, 99 படி. நடுவே இருக்கும் கிணறு போன்ற துவாரத்தில்தான் பிணங்களைக் கயிறு கட்டி இறக்கினார்கள். முக்கியக் கல்லறை அறைக்குள் போனதும் திரும்பி வாசற்பக்கம் பாருங்கள்: நாய்முக எகிப்திய தெய்வம் அனுபிஸ் ரோமானியச் சிப்பாயின் கவசத்தோடு காவல் நிற்கும். வாசலுக்கு வெளியே இருபுறமும் தாடி வைத்த பாம்புகள், தலையில் எகிப்திய இரட்டை மகுடம், மேலே கிரேக்கக் கதையின் பாம்புக்கூந்தல் மெதூசா முகம் பதித்த கேடயம். எகிப்து, கிரேக்கம், ரோம் மூன்று நாகரிகமும் ஒரே வாசலில். அங்கே குறைந்தது முக்கால் மணி நேரமாவது நில்லுங்கள். தரை வழுக்கும், ரப்பர் அடிச் செருப்பு நல்லது.

பக்கத்திலேயே 'பாம்பேயின் தூண்'. அதற்கும் ரோமானியத் தளபதி பாம்பேக்கும் (Pompey) ஒரு சம்பந்தமும் இல்லை. அவன் செத்து முந்நூறு ஆண்டுக்கு மேல் கழித்து டயக்ளீஷியன் பேரரசனுக்காக நட்டது. எல்லோரும் தூணோடு ஒரு செல்ஃபி எடுத்துவிட்டுத் திரும்புகிறார்கள். அடியில் இருக்கும் செராபியம், அதாவது செராபிஸ் கோயிலின் சுரங்க வழிகளில் இறங்கிப் பாருங்கள்.

மதியம் காய்த்பே கோட்டை. 1477-ல் கட்டத் தொடங்கியது, பழைய கலங்கரை விளக்கம் நின்ற அதே இடத்தில். அங்கிருந்து புதிய நூலகம் வரை கடலோரமாகச் சுமார் நான்கு கிலோமீட்டர், ஒரு மணி நேர நடை. நூலகத்தை மூன்றாம் நாள் காலைக்கு வையுங்கள், ஆனால் அது வெள்ளிக்கிழமையாக அமையக்கூடாது. உள்ளே இருக்கும் அருங்காட்சியகங்களுக்குத் தனி டிக்கெட். வங்கிக் கார்டு இல்லாமல் எங்கும் போகாதீர்கள், பல இடங்களில் பணமாக வாங்குவதில்லை.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வியன்னாவில் இருக்கும் 'முசிறி பாப்பிரஸ்', நம் சேர நாட்டு முசிறித் துறைமுக வணிகம் பற்றிய கி.பி. இரண்டாம் நூற்றாண்டு ஒப்பந்தம். முசிறியிலிருந்து வந்த சரக்கை முத்திரையிட்டு, நைல் வழியாக அலெக்சாந்திரியாவின் சுங்கக் கிடங்கில் சேர்க்க வேண்டும், வரி நான்கில் ஒரு பங்கு என்கிறது. 'யவனர்' என்று மேடை மேடையாக முழங்குகிறோம். அவர்கள் சரக்கு இறக்கிய ஊருக்கு அரை நாள்!

இனி வானிலை. குளிர்காலப் புயலை அங்கே 'நவ்வா' என்பார்கள். ஒவ்வொன்றுக்கும் தேதியும் பெயரும் உண்டு: நவம்பர் நடுவில் 'மக்னஸா', அதாவது துடைப்பம். டிசம்பர் தொடக்கத்தில் 'காஸிம்', இருபது தேதி வாக்கில் 'சின்ன ஃபைதா'. தேதி இரண்டு மூன்று நாள் முன்பின் ஆகும். குடை கவிழ்ந்துவிடும், ரெயின்கோட்தான் சரி. அந்த நாளில் கோட்டையை விட்டுவிட்டு அருங்காட்சியகத்துக்குப் போங்கள். இப்படி மாற்றிக்கொள்ளத்தான் இரண்டாவது இரவு.

மீன் கடையில் நீங்களே மீனைப் பொறுக்கி, எடை போட்டு, கிலோ விலையில் சமையல் கூலி சேர்ந்ததா என்று கேட்டபிறகு தலையாட்டுங்கள். 'ரத்தா' என்றால் தவிட்டில் புரட்டிச் சுட்டது, 'சிங்காரி' என்றால் பிளந்து தக்காளி வெங்காயம் வைத்தது. பில்லில் 12% சேவைக் கட்டணமும் 14% வரியும் ஏறினால் ஏமாற்று என்று சண்டை போடாதீர்கள். நவ்வா அடிக்கும்போது படகு போகாது, மீன் விலை ஏறும். அன்றைக்கு ஃபூலும் (வேகவைத்த பயறு) ஃபலாஃபெலும் (பயறு வடை) சாப்பிடுங்கள். கெய்ரோவில் பழகிய 'தஅமிய்யா'வைத்தான் இங்கே ஃபலாஃபெல் என்கிறார்கள்.