திறப்பைத் திருப்பினால் ‘டக்’ சத்தம் மட்டும்!

கேள்வி: ஐயா, காலமையில் திறப்பைத் திருப்பினால் என் டிப்பரில் ‘டக்’ என்று ஒரு சத்தம்தான் வருகிறது, இஞ்சின் சுற்றுவதில்லை. பற்றரி இரண்டும் புதிது. ஸ்ராட்டரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?
- வாசகர், பருத்தித்துறை

பதில்: பொறுங்கள் தம்பி, ஸ்ராட்டரில் இப்போதைக்குக் கை வைக்க வேண்டாம். ‘டக்’ கேட்கிறது என்றால் சொலினொயிட் வரை, அதாவது ஸ்ராட்டர் மோட்டருக்குக் கரண்டைத் திறந்துவிடும் சுவிட்ச் வரை, கரண்ட் வருகிறது. மோட்டரைச் சுற்றவைக்கும் பெரிய கரண்ட்தான் எங்கேயோ தடைப்படுகிறது.

உங்களுடையது 24 வோல்ற் வண்டி. சும்மா நிற்கும்போது இரண்டு பற்றரியும் சேர்ந்து வோல்ற் மீற்றரில் 25 வோல்றுக்கு மேல் காட்ட வேண்டும். கியரை நியூற்றலில் விட்டு, ஹாண்ட்பிரேக் போட்டு, ஒருவரைத் திறப்பைத் திருப்பச் சொல்லுங்கள். 18க்குக் கீழே விழுந்தால், புதிதென்றாலும் பற்றரியைச் சோதிக்கத்தான் வேண்டும். விழவில்லையா? சரி, மீற்றரின் ஒரு முனையைச் சேசிஸுக்குப் போகும் பற்றரி நெகற்றிவிலும் மற்றதை இஞ்சின் உடம்பிலும் வைத்து மறுபடி திருப்புங்கள். அரை வோல்றுக்கு மேல் காட்டினால் எர்த், அதாவது பற்றரி நெகற்றிவை வண்டி உடம்போடு சேர்க்கும் இணைப்பு, பழுது.

எனக்கு அதில்தான் சந்தேகம். உங்கள் ஊர் உப்புக்காற்று சேசிஸில் பூட்டிய எர்த் வயரைச் சும்மா விடாது. வெளியே நன்றாகத்தான் தெரியும்; போல்ட்டைக் கழற்றினால் வளையத்தின் அடியில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கும். முதலில் பற்றரி நெகற்றிவைக் கழற்றிவிட்டு, உலோகம் மின்னும்வரை அரத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கிப் பூட்டி, மேலே கிறீஸ் தடவுங்கள்.

பொசிற்றிவ் வயரையும் இப்படியே பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தும் சுற்றவில்லை என்றால் மட்டும் ஸ்ராட்டரை இறக்குங்கள். ஸ்குரூ டிரைவரால் ஸ்ராட்டர் முனைகளைத் தொடுத்துப் பார்க்கிற வேலை மட்டும் வேண்டாம் தம்பி, கை வெந்துபோகும்.